அத்தியாயம் 6: பதினாறு மணி நேரமும் ஒரு பொடிசும்

வேளச்சேரியிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு, சாலை காலியாகக் கிடக்கும் நள்ளிரவில், அரை மணி நேரத்தில் போய்விடலாம். பயணம் நீள்வது அதற்குப் பிறகுதான். சென்னையிலிருந்து துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ 4 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் லண்டனுக்கும் 10 முதல் 11 மணி நேரம். அமெரிக்காவுக்கு இங்கிருந்து நேரடி விமானம் இல்லை. வழியில் ஓரிடத்தில் இறங்கி மாற வேண்டும். துபாய் வழியாகச் சான் பிரான்சிஸ்கோ போகிறவர்களுக்கு இரண்டாவது விமானம் மட்டுமே ஏறக்குறைய 16 மணி நேரம்.

பெரியவர்களுக்கு அது மூன்று சினிமா, இரண்டு சாப்பாடு, கொஞ்சம் தூக்கம். நடக்கக் கற்று ஆறு மாதமே ஆன குழந்தைக்கோ, நடக்கக் கூடாது என்று ஒரு நாள் முழுக்க யாரோ பிடித்து வைத்திருப்பது. தரமணி, பெருங்குடி அலுவலகங்களில் வேலை பார்க்கும் குடும்பங்கள் நிறைந்த வேளச்சேரியில் இந்தப் பயணம் அடிக்கடி நடக்கிறது. கணவர் முன்னால் போய் வீடு பிடித்திருப்பார். மனைவி குழந்தையோடு தனியாகக் கிளம்புவார். அல்லது மகளின் அடுத்த பிரசவத்துக்குப் போகும் பாட்டி, மூத்த பேரனையும் கூட்டிக்கொண்டு புறப்படுவார். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளை அழைத்துச் செல்பவர்களுக்கான அத்தியாயம் இது.

சாரத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். விமானத்துக்கென்று தனியாக ஒரு கேளிக்கைத் திட்டம் வேண்டியதில்லை. வீட்டில் குழந்தையின் ஒரு நாள் எப்படிப் போகிறதோ, அதே நாளை அதே வரிசையில் விமானத்துக்குள் நடத்துங்கள். அதை நடத்தப்போகும் பெரியவரின் தெம்பு கடைசி மணி வரை மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கீழே வரும் யோசனைகள் எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

டிக்கெட் போடும்போதே

இரண்டு வயது நிரம்பாத குழந்தை மடியில் உட்கார்ந்து போகலாம். சர்வதேச விமானங்களில் அதற்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான் வாங்குகிறார்கள். இரண்டு வயது ஆகிவிட்டால் தனி இருக்கை கட்டாயம். போகும்போது 1 வயது 11 மாதம், திரும்பும்போது 2 வயது 1 மாதம் என்றால், திரும்பும் டிக்கெட்டைத் தனி இருக்கையோடு எடுக்க வேண்டும். ஒன்றேகால் வயதைத் தாண்டிய துறுதுறு குழந்தையாக இருந்து, கையில் பணமும் இருந்தால், விதி கேட்காவிட்டாலும் தனி இருக்கை எடுத்துவிடுங்கள். இந்த அத்தியாயம் முழுக்கச் சொல்லப்போகும் எல்லாப் பொம்மைகளையும்விட அது அதிகம் உதவும்.

கைக்குழந்தைக்குத் தொட்டில் கேட்கலாம். இருக்கை வரிசைகளின் முன்னால் உள்ள தடுப்புச் சுவரில் அதை மாட்டுவார்கள். எடை வரம்பு பெரும்பாலும் 10 கிலோவை ஒட்டி இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த இடத்தில் இரண்டு சங்கடங்கள் உண்டு. பெல்ட் விளக்கு எரியும்போதெல்லாம், அயர்ந்து தூங்கும் குழந்தையாக இருந்தாலும், தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். முன்னால் இருக்கை இல்லாததால், ஏறும்போதும் இறங்கும்போதும் உங்கள் பை தலைக்கு மேலே போய்விடும். அந்த நேரத்துக்கு வேண்டிய இரண்டு சாமான்களைச் சட்டைப் பையிலோ துப்பட்டா முடிச்சிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

12 வயது வரையிலான குழந்தைக்கு, அதே பி.என்.ஆரில் வரும் பெற்றோரிலோ பாதுகாவலரிலோ ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. தனித்தனியாக இடம் விழுந்தால் செக்-இன் கவுன்டரில் தயங்காமல் இதைச் சொல்லுங்கள். குழந்தைச் சாப்பாட்டைப் பெரும்பாலான நிறுவனங்களில் குறைந்தது 24 மணி நேரம் முன்பே பதிவு செய்ய வேண்டும். அந்தச் சாப்பாடு மற்றவர்களுக்கு முன்னால் வந்துவிடும். பசித்த குழந்தைக்கு அந்த இருபது நிமிடம் பெரிது.

வேளச்சேரியிலேயே ஒத்திகை

விமானத்தில் குழந்தையை மிரட்டுவது பெரும்பாலும் பழக்கமில்லாத விஷயங்கள்: இடுப்பில் பெல்ட், காதில் ஹெட்போன், நகர முடியாத இருக்கை, நாலாப்பக்கமும் அந்நிய முகம். ஒரு வாரத்தில் இவை எல்லாவற்றையும் பழக்கிவிடலாம்.

வேளச்சேரியிலிருந்து கடற்கரை வரை பறக்கும் ரயில் ஓடுகிறது. ஒரு முழுப் பயணம் சுமார் முக்கால் மணி நேரம். கூட்டம் இல்லாத மதிய வேளையில் ஏறி, குழந்தையை ஒரே இடத்தில் உட்கார வைத்து, நீங்கள் எடுத்துப்போகும் கைப்பையிலிருந்தே பொழுதுபோக்கிப் பாருங்கள். எந்தச் சாமான் இரண்டு நிமிடத்தில் சலிக்கிறது, எதை வைத்துக்கொண்டு மந்தைவெளியிலிருந்து சேப்பாக்கம் வரை வாய் திறக்காமல் வருகிறது என்று தெரிந்துவிடும். சலித்ததைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். பிடித்துப்போனதையும் எடுத்து ஒளித்து வையுங்கள். விமானத்தில்தான் அது மறுபடி வெளியே வர வேண்டும்.

மொட்டை மாடிக்குப் போனால் மீனம்பாக்கத்தில் ஏறி இறங்கும் விமானங்கள் கண்ணில் படும். தினமும் மாலையில் ஐந்து நிமிடம் காட்டி, என்ன நடக்கப்போகிறது என்று வரிசையாகச் சொல்லுங்கள்: கார், பெரிய கட்டடம், பை போகும் பெல்ட், மாமா முத்திரை குத்துவார், பிறகு நம் சீட், கட்டிக்கொள்ள பெல்ட். மூன்று வயதுக் குழந்தை நாலாம் நாள் அதையே உங்களுக்குத் திருப்பிச் சொல்லும். தெரிந்த கதை நடக்கும்போது பயம் வராது.

ஹெட்போனை வீட்டில் பழக்காமல் எடுத்துப் போகாதீர்கள். தினமும் பத்து நிமிடம் ஒரு பாட்டோ கதையோ கேட்க வைத்தால், தலையில் மாட்டுவதைத் தட்டிவிடாது. ஒலி 85 டெசிபலைத் தாண்டாத குழந்தை ஹெட்போனாகப் பார்த்து வாங்குங்கள்.

கைப்பை: எதை எடுப்பது, எதை விடுவது

விலை உயர்ந்த பொம்மை வேண்டாம். சின்னதாக, சத்தம் வராததாக, உருண்டு ஓடாததாக, தொலைந்தால் அழ வேண்டாததாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த கார் இருக்கைக்கு அடியில் போனால் திரும்பி வராது. நூறு துண்டு கொண்ட புதிரில் தொண்ணூற்றெட்டுதான் மிஞ்சும். பல்லாங்குழி வீட்டில் அருமையான விளையாட்டு, விமானத்தில் சோழி பொறுக்கும் வேலை.

ஒரு மாலை தி.நகர் ரங்கநாதன் தெருவிலும் மயிலாப்பூர் மாட வீதியிலும் நடந்தால் பை நிரம்பிவிடும். நல்ல பட்டியல் இது:

• ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள். பெரிய அளவு, பல நிறம். ஜன்னலில், மேசைத் தட்டில், அம்மா மூக்கில் ஒட்டி ஒட்டி எடுக்கலாம். விரலுக்கு நல்ல வேலை. வாயில் போடும் வயதுக் குழந்தைக்குக் கூடாது.

• செப்புச் சாமானில் நாலைந்து. பிளாஸ்டிக் அல்லது மரம். சமைத்துப் பரிமாறும் விளையாட்டுக்குக் கற்பனை போதும், இடம் தேவையில்லை.

• மாஸ்கிங் டேப் ஒரு சுருள். மேசைத் தட்டில் சாலை போடலாம், கோலம் போடலாம், உரிக்கலாம். கறை படியாது.

• தண்ணீர் தொட்டால் நிறம் வரும் புத்தகமும் அதன் பேனாவும்.

• ஒரு பழைய மணிபர்ஸ். உள்ளே காலாவதியான கார்டுகள், பஸ் டிக்கெட்டுகள், ஜிப். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இதைவிடப் பெரிய செல்வம் கிடையாது.

• வெள்ளைத்தாள் ஒரு கட்டு, நான்கு கிரேயான். கிரேயானை வட்டமாக இல்லாமல் முக்கோண வடிவில் வாங்கினால் உருளாது.

• அம்மாவின் பழைய பருத்திப் புடவையிலிருந்து ஒரு துண்டு. போர்த்த, தலைக்கு வைக்க, மறைந்து விளையாட, வாசனைக்குத் தூங்க.

• புத்தகம் மூன்று. தமிழ்ப் படப் புத்தகங்களுக்குச் சென்னைப் பதிப்பகங்களான துலிகாவும் தாராவும் இருக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே இறக்கி வைத்துக்கொள்ளலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்கு ஒரு முறை கூட்டிப்போனால், உங்கள் பிள்ளை எந்த மாதிரிப் புத்தகத்தோடு உட்காருகிறது என்று காசு செலவழிக்காமல் தெரிந்துகொள்ளலாம்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி வையுங்கள். பிரிப்பதே ஐந்து நிமிடம் போகும். பையை ஒரேயடியாகத் திறந்து காட்டிவிட்டால் அரை மணியில் எல்லாம் தீர்ந்தது. பழையதை வாங்கி உள்ளே வைத்த பிறகே புதியதை வெளியே எடுக்க வேண்டும்.

இவற்றோடு, குழந்தைக்கு இரண்டு மாற்றுடுப்பு, உங்களுக்கும் ஒரு மாற்றுச் சட்டை, பயண நேரத்துக்குக் கணக்கிட்டதைவிட நாலைந்து டயப்பர் கூடுதலாக, ஸ்வெட்டர், சாக்ஸ். சென்னையின் புழுக்கத்தில் கிளம்பும்போது ஸ்வெட்டர் அபத்தமாகத் தெரியும்; நாலாவது மணியில் விமானக் குளிரில் தேடுவீர்கள்.

கிளம்பும் இரவு

சென்னையிலிருந்து மேற்கே போகும் பல விமானங்கள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான் புறப்படுகின்றன. மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். அன்று மதியத் தூக்கத்தைக் கொஞ்சம் சீக்கிரமே முடித்து, மாலையில் நன்றாக ஓட விட்டு, ஏழு மணிக்குக் குளிப்பாட்டி, ரசம் சாதமோ இட்லியோ கொடுத்துத் தூங்க வைத்துவிடுங்கள். பயண உடுப்பையே போட்டுத் தூங்க வைத்தால், பதினொன்றரைக்கு அப்படியே தூக்கிக் காரில் போடலாம். வழியனுப்ப வரும் சொந்தக்காரர்களை ஆறு மணிக்கே வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பத்து மணிக்கு வீடு நிறைய ஆள் இருந்தால் எந்தக் குழந்தையும் தூங்காது. நீங்களும் ஒரு இரண்டு மணி நேரம் படுங்கள். பெட்டி எடை பார்ப்பதை முதல் நாளே முடித்துவிட்டால் இது நடக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் கிளம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெருமழையில் முதலில் தண்ணீர் தேங்கும் பகுதிகளில் வேளச்சேரி ஒன்று. மழை அறிவிப்பு வந்தாலே கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தும் ஊர் இது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாள் கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலின்போதும் விமானங்கள் நின்றன. அந்தப் பருவத்தில் பால் பவுடர், தின்பண்டம், டயப்பர் மூன்றையும் இன்னொரு ஆறு மணி நேரத்துக்குச் சேர்த்து எடுங்கள்.

விமான நிலையத்தில் இமிக்ரேஷன் முடிந்ததும் குழந்தையை உட்கார வைக்காதீர்கள். விழித்திருந்தால் நடக்க விடுங்கள். குழந்தையோடு இருப்பவர்களை முதலில் ஏற அழைப்பார்கள். இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஒருவர் மட்டும் பைகளோடு முதலில் ஏறி இடத்தைத் தயார் செய்யட்டும். மற்றவர் குழந்தையை வெளியே ஓட விட்டுக் கடைசியில் ஏறட்டும். உள்ளே அரை மணி நேரம் குறையும்.

காது

பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம், கடல் மட்டத்திலிருந்து 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஊட்டியின் உயரம் ஏறக்குறைய 7,350 அடி. மலைப்பாதையில் சில மணி நேரத்தில் ஏறும் அந்த உயரத்தை இங்கே அரை மணிக்குள் ஏறிவிடுகிறோம். காதின் நடுப்பகுதியைத் தொண்டையோடு இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குறுகலாக இருப்பதால், அழுத்தம் சட்டென்று சமனாகாமல் வலிக்கிறது. விழுங்கும்போது அந்தக் குழாய் திறக்கும்.

ஆகவே ஏறும்போதும் இறங்கும்போதும் தாய்ப்பால், பால் புட்டி, உறிஞ்சும் குவளை, பெரிய குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். இறங்கும்போதுதான் வலி அதிகம். தரை தொடுவதற்கு சுமார் அரை மணி முன்பே இறக்கம் தொடங்கிவிடும். பால் புட்டியை அதற்கென்று மிச்சம் வையுங்கள். சளி, காதுவலி இருந்தால் கிளம்பும் முன் குழந்தை மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம்.

வீட்டு நாள், வானத்தில்

துபாயில் காலை 9 மணிக்குக் கிளம்பி 16 மணி நேரம் பறக்கும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அப்போது வேளச்சேரியில் மணி காலை 10.30. சான் பிரான்சிஸ்கோவில் இறங்கும்போது வேளச்சேரியில் பின்னிரவு 2.30. குழந்தையின் வயிறும் கண்ணும் வேளச்சேரி நேரத்தில்தான் ஓடும். ஏறியவுடன் கடிகாரத்தை அமெரிக்க நேரத்துக்கு மாற்றும் வேலையைப் பெரியவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளட்டும். கால அட்டவணை இப்படி இருக்கலாம். எல்லாம் நம்மூர் நேரம்.

10.30 – 12.30: புது இடம் பார்த்தல். ஜன்னல், விளக்கு, மேசைத் தட்டு, பாதுகாப்பு அட்டையில் உள்ள படங்கள். இவை தீரும்வரை பையைத் தொடாதீர்கள்.
12.30 – 1.30: சாப்பாடு. அவசரம் வேண்டாம், எவ்வளவு மெதுவாகச் சாப்பிடுகிறதோ அவ்வளவு லாபம்.
1.30 – 3.30: மதியத் தூக்கம். புடவைத் துண்டு, வழக்கமான தாலாட்டு. நீங்களும் கண்ணை மூடுங்கள். படம் பார்க்கும் நேரம் இது இல்லை.
3.30 – 5.00: பால், தின்பண்டம், பையிலிருந்து முதல் மூன்று பொட்டலங்கள்.
5.00 – 6.00: பூங்கா நேரம். வீட்டில் இருந்தால் வெளியே போகும் நேரம் இது. இங்கே விமானத்தின் பின்பகுதிவரை நடை. பணியாளர்கள் உணவு வண்டி தள்ளாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.
6.00 – 7.30: கைவிளையாட்டு, புத்தகம், மீதிப் பொட்டலங்கள்.
7.30 – 8.30: இரவுச் சாப்பாடு, முகம் கழுவி உடை மாற்றல்.
8.30க்குப் பிறகு: கதை, தூக்கம். தூங்காவிட்டால் திரை.

இரண்டு பெரியவர்கள் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். முறை இல்லாதவர் உண்மையிலேயே கண்ணை மூட வேண்டும், குழந்தை “அப்பா” என்று கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. பாட்டி கூட வந்தால், இரவு முறையை அவருக்கு வைக்காதீர்கள். மாலைக் கதை நேரத்தை அவரிடம் கொடுங்கள். அந்த வேலையில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. தனியாகப் போகும் அம்மாவுக்கு முறை மாற்ற ஆளில்லை என்பதால், குழந்தை தூங்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கும் தூங்கும் நேரம்.

வயதுக்கு ஏற்ற விளையாட்டு

ஒரு வயதுக்குள்: பை திறக்க வேண்டியதே இல்லை. உள்ளங்கையில் பருப்பு கடைந்து, விரல் விரலாகச் சோறு ஊட்டி, கை வழியே நண்டு ஊர்ந்து கக்கத்தில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டு எந்த இருக்கையிலும் நடக்கும். மடியில் சாய்ந்தாட வைப்பது, முகத்தைத் துணியால் மூடித் திறப்பது, ஸ்பூனால் காகிதக் குவளையைத் தட்டுவது. நம் வீட்டுப் பாட்டிகளின் விளையாட்டுகளில் பாதிக்கு மேல், மடியில் உட்கார்ந்த குழந்தைக்காகவே உண்டானவை.

ஒன்று முதல் இரண்டு வயது: இருப்பதிலேயே கடினமான பருவம். நடக்கத் தெரியும், காரணம் சொன்னால் புரியாது. இந்த வயதுக்குப் போடுவதும் எடுப்பதும்தான் விளையாட்டு. மணிபர்ஸில் கார்டைச் செருகி உருவுதல், ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு ஸ்ட்ரா துண்டு மாற்றுதல், டேப் உரித்தல். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வேலையை மாற்றுங்கள். ஒரு மணிக்கு ஒரு முறை நடக்க விடுங்கள்.

இரண்டு முதல் நான்கு: செப்புச் சாமானில் பக்கத்து சீட் மாமாவுக்குக் காபி போடலாம். நிறம் சொல்லித் தொடும் “கலர் கலர்” விளையாட்டை உட்கார்ந்தபடியே ஆடலாம். விரல் நுனியில் பேனாவால் முகம் வரைந்தால் ஐந்து பேர் கொண்ட குடும்பம் தயார். அதில் கட்டை விரல் தாத்தா. இருக்கைப் பையில் வைத்திருக்கும் வாந்திக் காகிதப் பையில் கண் வரைந்தால் கைப்பாவை. காகிதத்தில் கப்பல், கத்திக் கப்பல், ராக்கெட் மடிக்கலாம், ராக்கெட்டைப் பறக்க விடாமல்.

நான்கு முதல் ஆறு: இந்த வயதுக்கு முன் சீட் திரையில் ஓடும் வரைபடமே நல்ல பொழுது. துபாயிலிருந்து அமெரிக்க மேற்குக் கரைக்குப் போகும் விமானம் மேற்கே போகாமல் வடக்கே, துருவத்தை ஒட்டிப் போகும். ஏன் என்று கேளுங்கள். ஒரு ஆரஞ்சுப் பழத்தில் இரண்டு பொட்டு ஒட்டி, நடுவே நூல் வைத்துக் காட்டினால் புரிந்துகொள்ளும். பெயர்-ஊர்-பூ-பழம், விடுகதை, கடைசி எழுத்தில் அடுத்த சொல், ஒரு முழ நூலில் விரல் பின்னல், நாலு துண்டுக் காகிதத்தில் ராஜா-ராணி-திருடன்-போலீஸ். ஒரு நோட்டில் பயணக் குறிப்பு வரையச் சொல்லுங்கள். பார்த்தது, சாப்பிட்டது, பக்கத்தில் தூங்கியவர் என்று எல்லாம் படமாக வரும்.

திரையைக் கடைசியில் வையுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 16 மணி நேர விமானத்தில் அந்தக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் குடி முழுகிவிடாது. எப்போது தளர்த்துவது என்பதில்தான் சூட்சுமம். ஏறியவுடன் கையில் டேப்லெட்டைக் கொடுத்தால், நீங்கள் தெம்பாக இருக்கும் நேரத்தில் அது தீர்ந்துபோகும். நீங்கள் ஓய்ந்துபோன பன்னிரண்டாவது மணியில் அதற்கு எந்தக் கவர்ச்சியும் மிஞ்சாது. குழந்தை சலிப்பதைப் பார்த்துத் திரையை எடுக்காதீர்கள். உங்களுக்கு முடியாதபோது எடுங்கள்.

நிகழ்ச்சிகளை வீட்டு வைஃபையில் இறக்கி, விமானப் பயன்முறையில் ஓடுகிறதா என்று பாருங்கள். பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான். ஆனால் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவே கூடாது என்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலும் எமிரேட்ஸ் 2025 அக்டோபரிலும் விதி கொண்டுவந்துவிட்டன. சார்ஜை முழுதாக ஏற்றிக்கொண்டு, இருக்கையில் உள்ள யூஎஸ்பி இணைப்புக்கு ஒரு கேபிள் எடுங்கள்.

சாப்பாடும் ஒரு பொழுது

பழகிய ருசி பாதி அழுகையை நிறுத்தும். நல்லெண்ணெய் தடவிய மினி இட்லி, சர்க்கரை தூவிய சப்பாத்திச் சுருள் இரண்டும் முதல் விமானத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும். பிறகு ரஸ்க், தேன்குழல், பொரி, உலர்ந்த அத்தி. ஒவ்வொன்றாக எடுத்துத் தின்னும் பண்டமே நல்லது. பொரி ஒரு கிண்ணம் இருபது நிமிடம். சத்துமாவுப் பொடியை அளந்து சின்னப் பொட்டலங்களாக எடுத்தால், பணிப்பெண்ணிடம் வெந்நீர் வாங்கிக் கரைத்துவிடலாம். முழு வேர்க்கடலை, பட்டாணி, கடலை மிட்டாய் ஆகியவற்றைச் சின்னக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கினால் 35,000 அடி உயரத்தில் மருத்துவமனை கிடையாது. ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. சாக்லேட்டும் இனிப்பும் இறங்கும் கடைசி மணிக்கு இருக்கட்டும்.

கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி, பயணத்துக்கு வேண்டிய குழந்தைப் பாலுக்கும் உணவுக்கும் பொருந்தாது. சோதனையில் தனியாக எடுத்துக் காட்டுங்கள். மிஞ்சிய பழத்தை விமானத்திலேயே விட்டுவிடுங்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சுங்கத்தில் கேள்வி வரும்.

மாறும் இடத்தில்

இரண்டு விமானத்துக்கு நடுவில் கிடைக்கும் நேரம் ஓடுவதற்கானது, கடை பார்ப்பதற்கானது அன்று. சிங்கப்பூர் சாங்கியின் மூன்றாம் முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டமே இருக்கிறது. தோஹாவின் ஹமாத் விமான நிலையத்தில் சுமார் 7 மீட்டர் உயர மஞ்சள் கரடி உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றி ஓடவே ஒரு அரை மணி போகும். இணைப்புக்கு ஒன்றேகால் மணி நேரமே உள்ள டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும், குழந்தையோடு போகிறவர்கள் இரண்டரை, மூன்று மணி நேரம் உள்ளதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

அழுதால்

அழும். எவ்வளவு ஆயத்தம் செய்தாலும் ஒரு முறையாவது அழும். முதலில் வரிசையாகப் பாருங்கள்: பசி, டயப்பர், குளிர், காது, தூக்கம். எதுவும் இல்லையென்றால் எழுந்து பின்பகுதிக்குப் போய், விளக்கு குறைந்த இடத்தில் தோளில் போட்டு நில்லுங்கள். இடம் மாறினாலே பாதிக் குழந்தைகள் அடங்கும். பக்கத்தில் இருப்பவர்களிடம் ஏறியவுடனேயே, “சார், குழந்தை நடுவுல கொஞ்சம் அழும், தப்பா எடுத்துக்காதீங்க” என்று சொல்லி வைத்துவிடுங்கள். ஒரு தடவை போதும். 16 மணி நேரமும் மன்னிப்பு கேட்டுக்கொண்டிருக்க அவசியமில்லை. குழந்தைக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள்.

தூங்க வைக்க இருமல் மருந்தோ சளி மருந்தோ கொடுக்கும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. மருத்துவர் சொல்லாமல் வேண்டவே வேண்டாம். சில குழந்தைகளுக்கு அந்த மருந்து தூக்கத்துக்குப் பதில் பரபரப்பைக் கொடுக்கும். அளவு தப்பினால் ஆபத்து.

தனியாகக் குழந்தையோடு வரும் அம்மாவுக்குப் பயணத்தின் மிகக் கஷ்டமான ஐந்து நிமிடம், கழிவறைக்குப் போக வேண்டிய ஐந்து நிமிடம்தான். வெட்கப்படாமல் பணிப்பெண்ணையோ பக்கத்து இருக்கை அம்மாளையோ கேளுங்கள். அடுத்த முறை நீங்கள் கைவீசிக்கொண்டு தனியாகப் பறக்கும்போது, அருகில் இப்படி ஒரு தாய் இருந்தால் அவர் கேட்கும்வரை காத்திருக்காமல், “நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் பார்த்துக்கறேன்” என்று நீங்களே சொல்லுங்கள்.